பழைய தெருவில் ஒருவன்

சங்குமுனையில் கர்னல் என்று சொன்னால் முக்கால்வாசிப் பேருக்கு முறுக்கு மீசை வைத்த ஒரு பட்டாளத்துக்காரர்தான் கண்ணுக்கு வருவார். "கர்னலய்யா இன்னைக்குக் கதவை அடைச்சிட்டாராமா?" என்று மீன்காரப் பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜெனோவா திருத்திப் பார்த்தாள். அது ஆள் இல்லை, கடல் சுவரின் கதவையும் பம்புகளையும் ஓட்டுகிற கம்ப்யூட்டரின் 'கெர்னல்' என்னும் அடித்தளம், மற்ற எல்லா நிரல்களும் அதன் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கின்றன என்று மூச்சு வாங்க விளக்கினாள். "அப்ப பெரிய ஆபீசர்தான்னு சொல்லு" என்றார்கள். அதோடு விட்டுவிட்டாள்.

பெரிய ஆபீசர்தான், சந்தேகமில்லை. கடல் ஏறி ஏறி, சங்குமுனை இப்போது கடல் மட்டத்துக்கு ஓர் ஆள் உயரம் கீழே கிடக்கிறது. சுவர் இருப்பதால் ஊர் இருக்கிறது. சுவருக்கு அடியில் ஊறி வரும் தண்ணீரைப் பம்புகள் ஓயாமல் இறைக்கின்றன. வள்ளங்கள் போய்வரச் சுவரின் நடுவில் ஒரு கதவு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் பொங்கி ஓதம் ஏறும்போது அதை மூட வேண்டும். சுவர் கட்டிய நாளிலிருந்து கர்னல் ஒரு நொடிகூட நின்றதில்லை. நிறுத்தினால் பம்புகளும் நிற்கும். அது மறுபடி கண் விழித்துச் சோம்பல் முறிப்பதற்குள் கீழத்தெரு முங்கிவிடும். அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒட்டுப்போட்டாக வேண்டும். பேட்ச் போடுவது என்று ஆபீஸில் சொல்வார்கள். ஜெனோவாவின் சம்பளம் அதற்குத்தான்.

போன பௌர்ணமிக்கு ஒரு விபரீதம் நடந்தது. கதவு இன்னும் ஒரு சாண் திறந்திருக்கும்போதே "மூடியாயிற்று" என்று சொல்லிக் கர்னல் கையைத் தட்டிவிட்டுக்கொண்டது. இத்தனை வருஷம் ஓயாமல் ஓடியதில் எங்கோ ஒரு கணக்கு பிசகியிருந்தது. அன்றைக்குக் கீழத்தெருவில் முழங்கால் தண்ணீர். இன்றைக்கோ அமாவாசை, போதாக்குறைக்குத் தெற்கே புயல் சின்னம். மாலை நாலு மணிக்கு ஓதம் ஏறும்போது அதே ஒரு சாண் திறந்திருந்தால் ஊரை வழித்துக்கொண்டு போய்விடும்.

ஜெனோவா பேட்ச் எழுதி, சோதித்து, காலையிலேயே ஏற்றிவிட்டாள். ஏற்றியது ஏறிவிட்டது. முடியத்தான் இல்லை.

"என்னம்மா, காலைலருந்து அதே எடத்துல நிக்குது?" என்றார் அருமைநாயகம். சுவருக்குப் பொறுப்பான செயற்பொறியாளர், மதுரைக்காரர், நல்ல மனுஷன். டென்ஷன் வந்தால் மட்டும் சட்டைப் பொத்தானைத் திருகுவார். ஒரு பொத்தான் ஏற்கெனவே போயிருந்தது.

"எல்லா ப்ராசஸும் புதுசுக்கு மாறிருச்சு சார். ஒண்ணே ஒண்ணு பழசுக்குள்ளயே கெடக்கு."

"எது?"

"சலேத்து மாதா."

அருமைநாயகம் நெற்றியில் அடித்துக்கொண்டார். சங்குமுனையில் அந்தப் பெயரைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொள்பவர்கள் குறைவு. சிலுவை போட்டுக்கொள்பவர்கள்தான் அதிகம்.

விஷயம் இதுதான். சங்குமுனைத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போன வள்ளம் திரும்புகிறவரை அந்த வீட்டு விளக்கை அணைக்க மாட்டார்கள். சுவர் கட்ட வந்தபோது மீனவர் சங்கம், "எங்க வழக்கத்தைச் சுவர்லயும் வைக்கணும்" என்று ஒற்றைக்காலில் நின்றது. சரியென்று சுவரின் மேல் வள்ளத்துக்கு ஒரு விளக்கு வைத்தார்கள். ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு வயர்லெஸ் செட் கொடுத்தார்கள். அதில் இரண்டே பட்டன்: 'போறேன்', 'வந்துட்டேன்'. 'போறேன்' அமுக்கினால் விளக்கு எரியும், கர்னலுக்குள் ஒரு ப்ராசஸ், அதாவது ஓடும் வேலை ஒன்று, அந்த வள்ளத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கும். நிரல் எழுதிய புண்ணியவான்கள் வழக்கத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். வள்ளம் வந்தாலொழிய யார் தட்டினாலும், எதைக்கொண்டு இடித்தாலும் எழுந்திருக்காதபடி அந்தக் காத்திருப்பை எழுதினார்கள். அதுவும் எங்கே? கதவை மூடும் அதே பகுதிக்குள்.

எட்டு வருஷம் முன்னால் போன சலேத்து மாதா என்ற வள்ளம் திரும்பவில்லை. அதன் விளக்கு மட்டும் அணையவில்லை.

ஊர் விடுமா? விளக்குக்கு நேர் கீழே ஒரு மாடம் கட்டி, மாலை போட்டு, செவ்வாய்க்கிழமை தோறும் மெழுகுவத்தி ஏற்றினார்கள். பிள்ளை வரம் கேட்டார்கள், பரீட்சையில் பாஸ் கேட்டார்கள். ஊர் அதைப் புதுமை, மாதாவின் அற்புதம் என்றது. ஆபீஸ் அதைக் கோளாறு என்றது. இரண்டு தரப்புக்கும் அதற்குமேல் யோசிக்க வேண்டிய தேவை வரவில்லை.

"பலவந்தமா முடிச்சிரும்மா" என்றார் அருமைநாயகம். "செத்தவனுக்காக உயிரோட இருக்கவங்களை முக்க முடியாது. ஆனா ஒண்ணு, அந்த வள்ளத்துல போன பையனோட அப்பா கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்து செய். திடீர்னு விளக்கு அணைஞ்சா ஊர் நம்மளைத்தான் கல்லால அடிக்கும்."

ஜெனோவா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சுவரடிக்குப் போனாள்.

சூசை மிக்கேல் வழக்கமான இடத்தில், மாடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெழுகுவத்தி ஏற்ற வருகிறவர்கள் அவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. காரணம் ஊருக்கே தெரியும். சுவரே வேண்டாம் என்று அன்று ஊரைத் திரட்டிப் போராடியவர் அவர். அவர் மகன் தொபியாஸ் அதே சுவருக்குக் கடலுக்குள் முங்கி அஸ்திவாரக் கல் இறக்கும் முக்குளி வேலைக்கு ரகசியமாகச் சேர்ந்துவிட்டான். சுவர் முடிந்து விளக்குகளும் வைத்த பிறகுதான் விஷயம் அவர் காதுக்கு வந்தது. தெரிந்த அன்று மீன் ஏலக்கூடத்தில், அத்தனை பேர் பார்க்க, மகனின் கன்னத்தில் அறைந்து, "இனி நீ எனக்குச் செத்தவன்" என்றார். தொபியாஸ் திரும்பி நடந்தான். நேரே துறைக்குப் போனான், வள்ளத்தைத் தள்ளினான், 'போறேன்' அமுக்கினான். பிறகு வெறும் பெட்டியை அடக்கம் செய்தார்கள்.

"மாமா, விளக்கை அணைக்கப் போறோம்" என்றாள் ஜெனோவா. சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வராது.

"அணைங்க" என்றார் அவர். "எட்டு வருசமா முதுகைப் போட்டுச் சுடுது."

இவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. எழுந்து போயிருக்கலாம், ஆனால் மனசு கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"சொன்னா வெளங்குமா எனக்கு?"

"வெளங்கும். கதவு மூடுற வேலை ஒரு பழைய தெருன்னு வச்சிக்கோங்க. தெரு பழுது. பக்கத்துல புதுத் தெரு போட்டாச்சு. போக்குவரத்தை நிறுத்த முடியாது. அதனால பழைய தெரு முனையில ஒரு போர்டு வச்சேன், இனிமே வாரவங்க இந்தப் பக்கம் போங்கன்னு. அதுதான் பேட்ச். ஆனா ஏற்கெனவே பழைய தெருவுக்குள்ள போனவங்க இருப்பாங்கல்லா? அவங்க ஒவ்வொருத்தரா வெளிய வரணும். கடைசி ஆள் வந்தாதான் கதவு புதுத் தெரு பேச்சைக் கேக்கும். எல்லாரும் வந்துட்டாங்க. ஒருத்தர் மட்டும் உள்ள படுத்துக்கெடக்கார்."

"எம் மவன்."

"உங்க மவன் இல்ல மாமா. அவருக்காகக் காத்துக்கிட்டிருக்க ஒண்ணு."

சூசை மிக்கேல் கடல் பக்கம் கையைக் காட்டினார். "போன கொண்டல் காத்துக் காலத்துல போன ரெண்டு வள்ளமும்தான் வரல. அதுக்காகவும் உள்ள ஆள் கெடக்கணும்லா?"

"அது தானா முடிஞ்சிருச்சு மாமா. கர்னல் வேளாவேளைக்கு ஒவ்வொரு செட்டையும் கூப்பிட்டு 'இருக்கியா'ன்னு கேக்கும். ஒரு மாசம் பதிலே வரலைன்னா காத்திருந்தது போதும்னு அதுவே விளக்கை அணைச்சிட்டு..."

அவள் வாய் பாதியில் நின்றுவிட்டது.

"அணைச்சிட்டு?"

"போயிரும்" என்றாள் ஜெனோவா, மெதுவாக.

"அப்ப இது ஏன் போகல?"

"ஏதோ கோளாறுன்னு..." யார் சொன்னது? அவளுக்கு முன்னால் இருந்தவர் சொன்னார். அவரிடம் அவருக்கும் முன்னால் இருந்தவர் சொல்லியிருப்பார். ஒருவராவது திறந்து பார்த்தார்களா? அவள் பார்த்தாளா? "மாமா, இங்கனயே இருங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தாள்.

இங்கேயே இரு என்று சொன்னால் இருக்கிற ஜாதியா சூசை மிக்கேல்? பின்னாலேயே ஓடி வந்துகொண்டிருந்தார்.

ஜெனோவா சலேத்து மாதாவின் பதிவைத் திறந்தாள். கடைசிக் கேள்வி இன்று காலை. இருக்கியா? பதில்: இருக்கேன். அதற்கு முந்தையது நேற்று ராத்திரி. இருக்கேன். மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள். மழைக்காலம், வெயில்காலம், கிறிஸ்துமஸ், ஈஸ்டர், எல்லா நாளும் அதே பதில். எட்டு வருஷமாக அந்த செட், இருக்கேன் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, கேட்கத்தான் நாதியில்லை.

"எங்கருந்து பேசுதுன்னு பாரு" என்றார் பின்னால் வந்து நின்ற அருமைநாயகம். அவர் குரலும் மாறியிருந்தது.

"தெரியாது சார். எடத்தைச் சொல்லாத மாதிரிதான் செட்டே செஞ்சிருக்கு. எந்தப் பாருல, எந்தக் கடலடிப் பாறையில மீன் படுதுன்னு அரசாங்கத்துக்கும் சொல்ல மாட்டோம், பக்கத்து ஊர்க்காரனுக்கும் சொல்ல மாட்டோம்னு சங்கத்துல சொல்லிட்டாங்க."

"எவனாவது கடக்கரையில பொறுக்கி எடுத்து வச்சிருப்பான்மா."

"பேசவும் முடியாத, படம் பாக்கவும் முடியாத ஒரு டப்பாவை எட்டு வருசமா எவன் சார் சார்ஜ் போட்டுக்கிட்டே இருப்பான்? செட் தானா பதில் சொல்லும். தானா சார்ஜ் ஏறாது."

வாசலில் செருப்புச் சத்தம் நின்றது. சூசை மிக்கேல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. ஜெனோவா எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மாமா, தொபியாஸ் அண்ணன் உயிரோட இருக்காவன்னு நெனைக்கேன்."

அழுவார் என்று நினைத்தாள். அவருக்கு வந்ததோ கோபம். அப்படி ஒரு கோபம். "உயிரோடயா? படவா ராஸ்கல்! அவன் அம்மை அவனுக்காக அழுது அழுதுல்லா செத்தா! கல்லறைத் திருநாளைக்கு வருசா வருசம் வெறும் பெட்டிக்குப் பூப் போடுதேன்! உயிரோடயா இருக்கான்?" அருமைநாயகம்தான் ஓடிவந்து நாற்காலியை நகர்த்தினார். உட்கார்ந்த பிறகுதான் அந்த மனிதருக்கு அழுகை வந்தது.

சந்தோஷப்படக்கூட நேரம் இல்லை. மணி இரண்டரை.

அருமைநாயகம் ஜெனோவாவைத் தனியே இழுத்தார். "பலவந்தமா முடிச்சா என்ன ஆகும்?"

"பேட்ச் முடிஞ்சிரும், கதவு ஒழுங்கா மூடும். ஆனா அந்த செட்டோட பேசுறதுக்கான ரகசியச் சாவி இந்த ப்ராசஸோட ஞாபகத்துல மட்டும்தான் இருக்கு. இதை இடிச்சா சாவியும் போயிரும். அந்த செட்டை நாமளும் கூப்பிட முடியாது, அதாலயும் நம்மளைக் கூப்பிட முடியாது. எங்க இருக்காவன்னு தெரியாத ஆள் சார். இருக்கிற ஒரே நூலு இதுதான்."

"எனக்கு மட்டும் மனசாட்சி இல்லையா? கீழத்தெருவுல எத்தனை வீடு, எத்தனை குழந்தைங்க. கதவு நகர்ந்து மூட நேரம் வேணும், மூணே காலுக்கு மேல ஒரு நிமிஷம்கூட என்னால தர முடியாது."

"அவரே வந்துட்டேன்னு அமுக்கினா எல்லாம் சரியாயிரும். அந்தச் சாவி முடிஞ்சு புதுச் சாவி தானா செட்டுக்குப் போய்ச் சேந்திரும்."

"அமுக்கச் சொல்லி எப்படிம்மா கேப்ப? அந்த செட்ல பேச முடியாதுங்கிற."

"அவங்களால பேச முடியாது. நம்மளால முடியும்." கதவு மூடும் முன் எல்லா வள்ளத்து செட்டிலும் இங்கிருந்து எச்சரிக்கைச் சங்கு ஊதும். அதே வழியில் மைக்கில் பேசலாம். யாரும் இதுவரை பேசத் தேவை வரவில்லை, அவ்வளவுதான். சொல்லும்போதே இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. மாசத்துக்கு இரண்டு தடவை, இந்த ஊர்ச் சங்கு தொபியாஸ் காதிலும் விழுந்திருக்கிறது. கேட்டும் செட்டைத் தூக்கிக் கடலில் எறியாமல் வைத்திருக்கிறான்.

சூசை மிக்கேலை மைக் முன்னால் உட்கார வைத்தாள். "மாமா, ஒண்ணு சொல்லிருதேன். ஒரு செட்டுக்கு மட்டும் அனுப்ப முடியாது. துறைக்குத் திரும்பி நிக்கிற அத்தனை வள்ளத்துலயும் நீங்க பேசுறது கேக்கும். ஊரே கேட்ட மாதிரிதான்."

"கேக்கட்டும்" என்றார்.

சங்கு ஊதியது. பேசலாம் என்று மைக்கின் சிறு விளக்கை ஜெனோவா காட்டியதும் அவர் ஆரம்பித்தார். அந்த மனிதருக்குப் பேசத் தெரியாதென்று இல்லை, திட்டத்தான் நன்றாகத் தெரியும். "ஏலே தொபியாஸ்! கூறுகெட்ட பயலே! ஒரு அடிக்கா எட்டு வருசம்? எங்கப்பன் என்னைத் துடுப்பால அடிச்சிருக்கான், நான் ஓடுனேனாலே? ஒங்கம்மை போய்ச் சேந்துட்டா, தெரியுமாலே உனக்கு? மரியாதையா அந்தப் பட்டனை அமுக்கிட்டு வீட்டுக்கு வந்து சேரு!"

திரையில் ஒரு மாற்றமும் இல்லை. அறையில் பம்புகளின் உறுமல் மட்டும் கேட்டது. மூன்று மணி தாண்டியது. மூன்று பத்து. அருமைநாயகம் இரண்டாவது பொத்தானையும் பிய்த்துவிட்டார்.

"ஜெனோவா" என்றார். அதட்டவில்லை, கெஞ்சுவதைப் போல இருந்தது.

அவள் கட்டளையைத் தட்டினாள். கடைசி விசையின் மேல் விரலை வைத்தாள். தன் விரலைத் தானே வெறுத்தாள். கீழத்தெருவில் அவள் அக்காள் வீடும் இருக்கிறது.

"இரு பிள்ள" என்றார் சூசை மிக்கேல். மைக்கை மறுபடி கிட்டே இழுத்தார். இந்தத் தடவை அவர் சத்தம் போடவில்லை.

"தொபி. வர வேண்டாம்லே. நீ வர வேண்டாம். எங்க இருக்கியோ அங்கனயே நல்லாரு. பட்டனை மட்டும் அமுக்கு. எனக்காக இல்ல, கீழத்தெருவுக்காக. கதவு மூடாமக் கெடக்கு. நீ முங்கி முங்கிக் கல்லு போட்ட சுவருதாம்லே இது. இது இல்லன்னா இன்னைக்கு ஊரு இல்ல. வேண்டாம்னு சண்டை போட்ட நான் இதுக்குக் கீழதான் குடியிருக்கேன். அன்னைக்கு ஏலக்கூடத்துல அத்தனை பேருக்கு முன்னால உன்னை அடிச்சேன். அது தப்பு. எல்லா வள்ளத்துலயும் கேட்டுக்கிடுங்கப்பா, சூசை மிக்கேல் சொல்லுதேன். எம் மவனை அடிச்சது எந் தப்பு. அவன் சரியாத்தான் செஞ்சான். அவ்ளோதாம்லே. அமுக்கிரு."

மைக்கைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜெனோவா விசையிலிருந்து விரலை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. கடிகாரத்தைப் பார்க்கக்கூடாதென்று வைராக்கியமாகத் திரையையே பார்த்தாள். அப்போது அந்த ஒற்றை வரி அசைந்தது.

சலேத்து மாதா: வந்துட்டேன்.

எட்டு வருஷமாகப் பழைய தெருவில் படுத்துக் கிடந்தது ஒரு நொடியில் எழுந்து வெளியே வந்துவிட்டது. பேட்ச் முடிந்தது என்று திரை சொன்னது. "மாதாவே!" என்று கத்தியது யார் என்று பார்த்தால், சாமியே கும்பிடாத அருமைநாயகம். ஜன்னல் வழியே கதவு நகர்வது தெரிந்தது. நகர்ந்தது, நகர்ந்துகொண்டே போய், அந்தப் பொல்லாத ஒரு சாணையும் தாண்டி, சுவரோடு பொருந்தி நின்றது. நாலு மணிக்குக் கடல் வந்து முட்டிப் பார்த்தது. ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை.

சூசை மிக்கேல் ஜன்னலோரம் நின்று சுவரின் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு அணைந்திருந்தது. "இப்பதான் முதுகு ஆறுது" என்றார். சிரிக்க முயன்றார், முகம் ஒத்துழைக்கவில்லை. "நான்தான் வர வேண்டாம்னு சொல்லிட்டேனே. வர மாட்டான். பரவால்ல பிள்ள. எங்கனயோ சோறு தின்னுக்கிட்டு இருக்கான்லா, அது போதும்."

ஜெனோவா டீ வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது திரையில் ஒரு புது வரி இருந்தது. முதலில் வேறு ஏதோ வள்ளம் என்று நினைத்தாள். பிறகு, ஓதம் ஏறியிருக்கும்போது எந்த மடையன் கடலுக்குப் போகிறான் என்று நினைத்தாள். பிறகு பெயரைப் படித்தாள். டீயைக் கையில் கொட்டிக்கொண்டாள்.

சலேத்து மாதா: போறேன்.

கர்னலுக்குள் ஒரு புது ப்ராசஸ் காத்திருக்கத் தொடங்கியிருந்தது, இந்தத் தடவை புதுத் தெருவில். எங்கேயோ, எந்தக் கரையிலோ, ஒருவன் வள்ளத்தைத் தள்ளியிருக்கிறான்.

அவள் அதைச் சொன்னபோது சூசை மிக்கேல் இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார். சுவரின் மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. மெழுகுவத்தியோடு வந்த ஊருக்கு அது நடுவில் அணைந்ததே தெரியாது. வழக்கம்போலப் பிள்ளை வரமும் பாஸ் மார்க்கும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கதவை எப்பம் தொறப்பிய?" என்றார் அவர்.

"ஓதம் வத்தினதும், காலையில. ஆனா மாமா, எங்கருந்து வாராவன்னே தெரியாது. எத்தனை நாள் ஆகுமோ."

"அதெல்லாம் இருக்கட்டும். நீ வெள்ளனயே தொறந்து போட்டிரு பிள்ள" என்றார் சூசை மிக்கேல், தோளில் கிடந்த சட்டையை உதறி மாட்டிக்கொண்டே. "அவன் வாசல்ல காத்துக்கெடக்க மாட்டான். பொறுமை கெட்ட பய. எம் புள்ளல்லா."